இரவில் நாய் ஏன் எழுந்து நடக்கிறது?

சென்ற மார்கழியில், கோத்தகிரியில் எங்கள் தெருவில் ஒரு நாய் தொடர்ந்து நான்கு இரவுகள் ஊளையிட்டது. காலையில் குழாயடியில் அதே பேச்சுதான். "எமன் வருவது நாய் கண்ணுக்குத்தான் தெரியும். யார் வீட்டுக்கு வருகிறானோ" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வயிற்றில் பூச்சி இருக்கும், வேப்பிலை அரைத்து ஊற்றுங்கள் என்று எதிர்வீட்டு அண்ணன் வைத்தியம் சொன்னார். பச்சைத் தேயிலை எடை போட்டுவிட்டு வந்த பெரியவருக்கு இதில் பேசவே ஒன்றும் இல்லை. "இரவில் விழித்துக் கிடப்பதுதானே நாயின் பிழைப்பு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த நாய் எங்கள் வீட்டுச் செம்பி. அவளுக்குப் பதின்மூன்று வயது. இரவில் எழுந்து எழுந்து நடக்கிறாள், மற்றவர்கள் தூக்கம் கெடுகிறது என்று நான்தான் அவளைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு மாற்றியிருந்தேன். கீழே வெறும் சிமெண்ட் தரை, அதன்மேல் ஒரு சாக்கு. அவளுடைய இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது என்பது ஒரு வாரம் கழித்துக் கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நான்கு இரவுகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நாயின் தூக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆனால் அது எப்படித் தூங்குகிறது என்று பார்த்தவர்கள் குறைவு. செம்பிக்காக நான் தேடிப் படித்ததையும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும் சேர்த்து, முதன்முதலாக நாய் வளர்ப்பவருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

எக்ஸ்பிரஸும் மலை ரயிலும்

மேட்டுப்பாளையத்தில் இரவில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. நம் தூக்கம் அப்படிப்பட்டது. ஏறியது முதல் இறங்கும் வரை ஒரே ஓட்டம். அதே மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலைப் பாருங்கள். 46 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறில் நிற்கும், ஹில்குரோவில் நிற்கும், தண்ணீர் பிடிக்கும், மூச்சு வாங்கும், மறுபடி கிளம்பும். நாயின் தூக்கம் இந்த மலை ரயில். ஒரு நாளின் தூக்கத்தை இப்படிப் பல துண்டுகளாகப் பிரித்துத் தூங்குவதற்குப் பல்கட்டத் தூக்கம் என்று பெயர்.

ஆஸ்திரேலியாவில் ஆடம்ஸ், ஜான்சன் என்ற இருவர் நாய்களின் இரவைக் கவனித்து 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதன்படி நாய் சராசரியாக 16 நிமிடம் தூங்கி 5 நிமிடம் விழித்திருக்கிறது. எட்டு மணி நேர இரவில் இப்படிச் சுமார் 23 முறை. முதலில் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரவு பத்து மணிக்குச் செம்பியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குள் ஆறு முறை கண் விழித்தாள். முழுதாக எழுந்துவிடவில்லை. முதலில் ஒரு காது மட்டும் வாசல் பக்கம் திரும்பும். பிறகு மூக்கு நுனி இரண்டு மூன்று முறை அசையும். தலை உயரும். என்னைப் பார்ப்பாள். எழுந்து சாக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டு மறுபடி படுப்பாள். அத்தனை வருடங்கள் ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நான் எக்ஸ்பிரஸில் இருந்தேன்.

மொத்தக் கணக்கில் நாய் நம்மைவிட அதிகம் தூங்கும் பிராணி. வளர்ந்த நாய் பகலும் இரவுமாகப் பன்னிரண்டு மணி நேரம் வரை தூங்குவது சாதாரணம். குட்டிகள் பதினெட்டு, இருபது மணி நேரம்கூடத் தூங்கும். ஆகவே காவல் நாய் இரவு முழுவதும் விழித்திருக்கிறது என்பது சரியல்ல. இரவின் பெரும்பகுதியை அது தூங்கித்தான் கழிக்கிறது, அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அரை வயிறு போட்டால்தான் விழிப்பாகக் காவல் காக்கும் என்று சில தோட்டங்களில் இன்றும் நாய்களைப் பட்டினி போடுகிறார்கள். பசித்த நாய் காவல் காப்பதில்லை, உணவு தேடி அலைகிறது. இது வெறும் கொடுமை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: இரவில் நாய் பலமுறை விழிப்பது இயல்பு. விழித்த பிறகு மறுபடி படுத்துத் தூங்கிவிடுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

முதுகில் நிறையும் கூடை

தேயிலை பறிப்பவர் முதுகில் காலையில் கூடை காலியாக இருக்கும். பறிக்கப் பறிக்கக் கனம் ஏறும். ஒரு கட்டத்தில் இறக்கி எடை போட்டே ஆக வேண்டும். மூளையிலும் அப்படி ஒரு கூடை உண்டு. மூளையின் செல்கள் வேலை செய்து ஆற்றலைச் செலவிடச் செலவிட, அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேரக் கண் சொக்குகிறது. தூங்கும்போது அது குறைகிறது, கூடை காலியாகிறது.

நாய் இந்தக் கூடையைக் கால்வாசி நிறைந்ததுமே இறக்கி வைத்துவிடும். வெயிலில் கொஞ்சம், வாசற்படியில் கொஞ்சம், அடுப்பங்கரை மூலையில் கொஞ்சம் என்று பகலெல்லாம் இறக்கிக்கொண்டே இருக்கும். இப்போது ஒரு நாயைக் காலை முதல் மாலை வரை சங்கிலியில் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் தூங்கும். இரவு வரும்போது கூடை காலி. நாம் படுக்கப் போகும் நேரத்தில் அதற்கு விடிந்தது போல இருக்கும். கதவைப் பிறாண்டும், குரைக்கும், பாத்திரத்தை உருட்டும். "சேட்டை" என்கிறோம். பகலில் நாம் பறிக்க விடாத கூடையைத்தான் இரவில் அது நிரப்பப் பார்க்கிறது. மாலையில் அரை மணி நேரம், அது முகர்ந்து முகர்ந்து நடக்கும்படி, அதன் வேகத்தில் அழைத்துப் போய் வந்தால் பல வீடுகளில் இந்தப் பிரச்சினை பாதியாகக் குறையும். முகர்வது நாயின் மூளைக்குப் பெரிய வேலை. இழுத்துக்கொண்டு வேகமாக நடப்பதைவிட, ஒவ்வொரு புதரடியிலும் நிற்க விடுவது நல்லது.

தேயிலை நாட்டில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மீந்த டீயை நாய்க்கு ஊற்றுவது இங்கே வழக்கம், பிஸ்கெட் நனைத்துக் கொடுப்பதும் உண்டு. டீயிலும் காபியிலும் இருக்கும் கஃபீன், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. கூடை நிறைந்தாலும் கனம் தெரியாது. நமக்கு அது சுறுசுறுப்பு, நாயின் உடலுக்கோ கஃபீன் நஞ்சு. அளவு கூடினால் படபடப்பும் நடுக்கமும் வலிப்பும் வரும். டீத்தூள் சக்கையைக் கொல்லையில் கொட்டினால்கூட மண் போட்டு மூடுங்கள்.

கூடையோடு ஒரு கடிகாரமும் சேர்ந்து வேலை செய்கிறது. கண்ணுக்குள் விழும் வெளிச்சத்தை வைத்து இரவா பகலா என்று கணக்கிடும் சிறிய பகுதி மூளையின் அடியில் இருக்கிறது. அதை உடல் கடிகாரம் என்கிறோம். இருட்டியதும் அது மெலடோனின் என்ற சுரப்பை வெளியிடச் செய்து "இரவு வந்துவிட்டது" என்று உடல் முழுவதற்கும் தகவல் அனுப்புகிறது. மங்கிய ஒளியில் நன்றாகப் பார்க்கும் கண் நாய்க்கு இருப்பதால் விடிகாலையும் அந்தியும் அதற்குச் சுறுசுறுப்பான நேரம். நான்கரை, ஐந்து மணிக்கே செம்பி எழுந்து நின்று என் முகத்தைப் பார்ப்பது இதனால்தான்.

கால்கள் உதறுகின்றன, கனவா?

படுத்திருக்கும் நாயின் பாதங்கள் திடீரென்று ஓடுவது போல அசையும். மூடிய வாய்க்குள்ளேயே "வுஃப், வுஃப்" என்று ஒரு குரைப்பு, எங்கோ தூரத்திலிருந்து கேட்பது போல. இமைக்கு அடியில் கருவிழி இங்கும் அங்கும் உருளும். வலிப்பு என்று பயந்து தண்ணீர் தெளித்து எழுப்புபவர்கள் உண்டு. பேய் அமுக்குகிறது என்று விபூதி பூசியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தூக்கம் முழுவதும் ஒரே மாதிரி இல்லை. ஒரு பகுதியில் மூளையும் உடலும் சேர்ந்து அடங்குகின்றன, அது ஆழ்ந்த தூக்கம். இன்னொரு பகுதியில் உடல் தளர்ந்து கிடக்க, மூளை மட்டும் விழித்திருப்பது போல வேலை செய்கிறது. கண்கள் வேகமாக அசைவதால் இதற்கு விரைவிழித் தூக்கம் என்று பெயர். 1953இல் அமெரிக்காவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் மனிதர்களிடம் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். நமக்குக் கனவுகள் பெரும்பாலும் வருவது இந்த நேரத்தில்தான்.

வீட்டில் எல்லா விளக்கும் எரிகிறது, ஆனால் மோட்டாருக்குப் போகும் ஒயரை மட்டும் யாரோ கழற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரைவிழித் தூக்கத்தின்போது மூளைத்தண்டு இப்படித்தான் கைகால்களுக்குப் போகும் கட்டளையைத் தடுத்து நிறுத்துகிறது. பிரான்ஸில் லியோன் நகரத்தில் மிஷேல் ழுவே என்ற ஆராய்ச்சியாளர், பூனைகளின் மூளைத்தண்டில் இந்தத் தடுப்பு இருக்கும் இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். அந்தப் பூனைகள் தூங்கிக்கொண்டே எழுந்து, இல்லாத எலியைப் பாய்ந்து பிடித்தன. தடுப்பு சரியாக இருக்கும்போதும் சில துளிகள் கசியும். செம்பியின் பாதத்தில் நான் பார்த்தது அந்தக் கசிவு. குட்டிகளிடம் இது இன்னும் அதிகம்.

நாய் என்ன கனவு காண்கிறது என்று அதனிடம் கேட்க முடியாது. ஆனால் எலிகள் பகலில் ஓடிய பாதையை அவற்றின் மூளை விரைவிழித் தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்ப்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2001இல் பதிவு செய்தார்கள். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் ஓர் ஆய்வுக் குழு நாய்களின் தலையில் வலிக்காத மின்முனைகளை ஒட்டித் தூக்கத்தை அளந்துவருகிறது. தாய்மொழியில் "உட்கார்" என்றால் உட்காரும் நாய்களுக்கு அதே கட்டளையை ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற பிறகு தூங்கி எழுந்ததும் அவை முன்பைவிட நன்றாகச் செய்தன. பகலில் நடந்ததை நாயும் தூக்கத்தில் அடுக்கி வைக்கிறது.

ஆகவே உதறும் நாயைத் தொட்டு எழுப்ப வேண்டாம். அரைத்தூக்கத்தில் கடித்துவிடவும் கூடும். வலிப்பை எப்படி வேறுபடுத்துவது? கனவு உதறல் விட்டுவிட்டு வரும், உடல் தளர்ந்திருக்கும், பெயர் சொல்லி அழைத்தால் விழித்துக்கொள்ளும். வலிப்பில் உடல் விறைக்கும், அழைத்தால் கேட்காது, சிறுநீர் தானாகப் போகலாம், முடிந்த பிறகும் சிறிது நேரம் திகைத்து நிற்கும். சந்தேகம் வந்தால் செல்போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து நிமிடம் விவரிப்பதைவிட அது உதவும்.

குளிர் திருடும் தூக்கம்

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் விடியும்போது புல்வெளி உப்புக் கொட்டியது போல உறைபனியில் வெளுத்திருக்கும். "நாய்க்குத்தான் ரோமம் இருக்கிறதே" என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. இமயமலை நாய்க்கு இருக்கும் அடர்த்தியான உள்ரோமம் நம் நாட்டு நாய்க்கு இல்லை. தட்டையான குட்டை முடிதான்.

நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். சிமெண்ட் தரை அந்த இரவில் பத்து டிகிரிக்கும் கீழே. சூடான பொருளிலிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் போவதை வெப்பக் கடத்தல் என்கிறோம். வெறும் தரையில் படுத்த நாயிடமிருந்து தரை இரவெல்லாம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மேலே எவ்வளவு கம்பளி போர்த்தினாலும் கீழே போகும் சூடு நிற்காது. இதனால்தான் நாய் சுருண்டுகொள்கிறது. மூக்கை வாலுக்கு அடியில் செருகி, நான்கு கால்களையும் வயிற்றோடு மடக்கி, தரையில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, எனக்கு இது புரிந்தபோதுதான் செம்பியின் நான்கு இரவுகளும் புரிந்தன. விரைவிழித் தூக்கத்தில் தசைகள் தளர்ந்துவிடும் என்று பார்த்தோம். தசை தளர்ந்தால் இறுகச் சுருண்டிருக்க முடியாது. அந்த நேரத்தில் பாலூட்டிகளின் உடல், நடுங்கிச் சூடேற்றும் வேலையையும் ஏறக்குறைய நிறுத்திவைக்கிறது. குளிர் அதிகமான இடத்தில் அப்படித் தளர்வது ஆபத்து. அதனால் குளிரில் உடல் அந்த வகைத் தூக்கத்தையே வெட்டிச் சுருக்கிவிடுகிறது. நாய் படுத்திருக்கும், கண் மூடியிருக்கும், தூக்கம் மட்டும் முழுமையாகாது. அதோடு மூட்டு தேய்ந்த நாய் என்றால் சுருண்டு கிடப்பதே வலி. சுருண்டால் மூட்டு வலிக்கிறது, நீட்டினால் குளிர்கிறது. எழுந்து நடக்கத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது எளிது. நான்கு செங்கல் மேல் ஒரு பலகை. அதன்மேல் உலர்ந்த சாக்குகள் இரண்டு மூன்று மடிப்பாக, மேலே பழைய கம்பளி. காற்று நேராக அடிக்காத மூலை. பெட்டி செய்வதாக இருந்தால் நாய் திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும், பெரிய பெட்டி சூடாகாது. மழையிலும் மூடுபனியிலும் நனைந்து வந்தால் முதலில் துடைத்து உலர்த்துங்கள், ஈர ரோமம் குளிரை உள்ளே விடும். நாய்க்காகவோ உங்களுக்காகவோ மூடிய அறைக்குள் கரியடுப்பு மட்டும் வைக்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கணப்பு மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்தி நம் மலைக்குப் புதிதல்ல.

கொஞ்சம் நின்று பார்ப்போம். விழிப்பது இயல்பு. பகலில் வேலை இல்லாவிட்டால் இரவில் தூக்கம் வராது. உதறுவது பெரும்பாலும் கனவு. குளிரும் கடினமான தரையும் தூக்கத்தின் ஒரு பகுதியையே எடுத்துக்கொள்கின்றன. இனி வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

நமக்குக் கேட்காதது

மனிதக் காதுக்கு எட்டும் ஒலியின் உச்சம் விநாடிக்கு 20,000 அதிர்வுகள். நாய்க்குச் சுமார் 45,000 வரை எட்டும். நமக்கு அமைதியாகத் தெரியும் இரவு அதற்கு அமைதி அல்ல. தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை மூச்சு விடுகிறது, முள்ளம்பன்றி கிழங்கு தோண்டுகிறது, மரநாய் கூரையில் நடக்கிறது. எண்ணெய் வாசனைக்குக் கரடி கோயில் கதவை உடைக்கும் ஊர் இது. ஐந்து நிமிட விழிப்பு ஒவ்வொன்றிலும் நாய் இதையெல்லாம் காதாலும் மூக்காலும் சரிபார்த்துக்கொள்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுத்தை. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில், மனிதர்கள் நெருக்கமாக வாழும் விவசாய நிலத்தில் திரியும் சிறுத்தைகள் என்ன தின்கின்றன என்று ஆராய்ந்தார்கள். எடைக் கணக்கில் 39 சதவீதம் வீட்டு நாய்கள் என்று 2014இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. நம் நாய்கள் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கவில்லை, ஆனால் அவற்றுக்குத் தெரியும். வழக்கமாகக் குரைக்கும் நாய் ஓர் இரவு குரைக்காமல், வாலை இடுக்கிக்கொண்டு, கதவை ஒட்டி நின்று முனகினால் அதை அடக்காதீர்கள், உள்ளே விடுங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு தேடவும் போகாதீர்கள். சங்கிலியில் கட்டி வெளியே விடப்பட்ட நாய்க்கு ஓட வழியில்லை. காவலுக்கு என்று கட்டிவைக்கிறோம், உண்மையில் அதை இரையாக வைக்கிறோம். இரவில் உள்ளே படுக்கும் நாயும் ஆள் வந்தால் குரைக்கத்தான் செய்யும்.

ஊளையும் எமனும் பற்றி ஒரு வார்த்தை. ஊளை தூரத்தில் இருப்பவர்களுக்குக் குரல் கொடுக்கும் முறை. தனிமை, வலி, வேறொரு நாயின் ஊளை, பெண்நாய் பருவத்துக்கு வருவது எல்லாம் அதைத் தூண்டும். சாவு வரப்போகும் வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரியும், ஆட்கள் வந்து போவார்கள், அழுகுரல் கேட்கும். தெருநாய்கள் கலங்கி ஊளையிடுவதில் வியப்பில்லை. நாய் ஊளையிட்டும் யாரும் சாகாத இரவுகளை நாம் நினைவில் வைப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, "அப்படியானால் அதற்கு என்ன வலி என்று பார்" என்றார்.

வயதான நாயின் இரவு

முதிய நாய் பகலில் தூங்கி இரவில் அலைவதை "கிழட்டுச் சேட்டை" என்று திட்டுகிறோம். மனிதர்களுக்கு வரும் மறதி நோயைப் போல நாய்க்கும் ஒன்று உண்டு. மூளையின் செல்கள் நலிந்து நினைவும் திசையறிவும் குறைவதை முதுமை அறிவுத்தளர்ச்சி எனலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2001இல் வெளியான ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இதன் அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தது.

உடல் கடிகாரம் மங்கிவிடுவதால் இரவும் பகலும் இடம் மாறுகின்றன. நாய் நடு இரவில் எழுந்து சுவரைப் பார்த்து நிற்கும். கதவு திறக்கும் பக்கத்தை விட்டுக் கீல் இருக்கும் பக்கம் போய்க் காத்திருக்கும். பழகிய மூலையில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் அழும். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும். இதற்கு அடிப்பது, நினைவு தவறிய தாத்தாவை அடிப்பது போன்றது. பகல் வெளிச்சத்தில் நடை, ஒரே நேரத்தில் உணவு, பாத்திரத்தையும் படுக்கையையும் இடம் மாற்றாமல் வைப்பது, இரவில் ஒரு சிறு விளக்கு, இவை உதவுகின்றன. மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் முதலில் வலி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் மூட்டு வலியும் இரவில் இதே முகத்தோடுதான் வரும்.

எப்போது மருத்துவரிடம்

உங்கள் நாயின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் மாற்றம் தானே கண்ணில் படும். எத்தனை முறை விழிக்கிறது என்பதைவிட, நேற்றுவரை அப்படி இருந்ததா என்பதுதான் கேள்வி.

பெரிய உடலும் ஆழமான நெஞ்சும் உள்ள நாய், சாப்பிட்ட பிறகு நிலைகொள்ளாமல் தவித்து, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், வயிறு உப்பினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் உயிர் போகும். இரவில் அடிக்கடி தண்ணீர் குடித்து அடிக்கடி வெளியே போகக் கேட்டால் சிறுநீரகம், சர்க்கரை நோய் போன்றவற்றைச் சோதிக்க வேண்டும். கருத்தடை செய்யாத பெண்நாய், பருவம் முடிந்து சில வாரங்களில் இப்படிச் சோர்ந்து தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் சேர்ந்திருக்கக்கூடும், அதுவும் அவசரம். காதுமடல், விரலிடுக்கு, வாலடியில் உண்ணியும் தெள்ளும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரவெல்லாம் சொறிந்து தூக்கம் கெட்ட நாய்கள் நம் ஊரில் நிறைய. வலிக்கு என்று நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள், குறிப்பாக ஐபுப்ரொஃபன். அது நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

திடீரென்று குணம் மாறி, அமைதியற்று அலைந்து, குரல் மாறி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயை நெருங்கவே வேண்டாம். அது வெறிநோயாக இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வீட்டிலேயே செய்யலாம். நாய் உதறாமல் ஆழ்ந்து தூங்கும்போது விலா எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். எழுந்து தாழ்ந்தால் ஒன்று. முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். சில நாட்களாகத் தொடர்ந்து முப்பதைத் தாண்டினால், கூடவே இரவில் இருமலும் இருந்தால், இதயம் களைத்திருக்கலாம்.

செம்பி இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் பலகையின் மேல் படுக்கிறாள். மருத்துவர் மூட்டுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். நடு இரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் எழுவாள், கொல்லைக்கு அழைத்துப் போய் வருகிறேன், மறுபடி படுத்துவிடுகிறாள். கம்பளி பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, அவருடைய மாமியார் போர்த்தியிருந்த பழைய கம்பளி. தை மாதத்தில் ஓர் இரவு, வெளியே பனி விழுந்துகொண்டிருந்தபோது, அவள் கால்களை நீட்டிப் பக்கவாட்டில் படுத்துத் தூங்கினாள். முன்பாதங்கள் ஓடின. வாய்க்குள் அந்தச் சின்னக் குரைப்பு. அது அடங்கிய பிறகு டார்ச்சைக் கையால் மறைத்துக்கொண்டு அவள் விலாவை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினெட்டு.